உருண்டை நழுவும் இடம்

அன்புள்ள தம்பிக்கு,

ஆப்-ஆம்ப் வைத்து அனலாக் கணினி கட்டப்போவதாக எழுதியிருந்தாய். நல்லது. சிமுலேஷனில் சுற்று ஒழுங்காக ஓடியதாம். கெல்வின் பிரபுவுக்கும் காகிதத்தில் ஒழுங்காகத்தான் ஓடியது.

அவருடைய அண்ணன் ஜேம்ஸ் தாம்சன் ஒரு கருவியை யோசித்தார். சுழலும் தட்டு, அதன்மேல் ஓர் உருண்டை, உருண்டையைத் தொட்டபடி ஓர் உருளை. உருண்டை தட்டின் மையத்தைவிட்டு விலக விலக உருளை வேகமாகத் திரும்பும். அது திரும்பிய மொத்த அளவே தொகையீடு. இப்படிச் சிலவற்றை ஒன்றோடொன்று இணைத்தால் வகைக்கெழுச் சமன்பாட்டுக்கே விடை வரும் என்று 1876இல் கெல்வின் கண்டார். ஆனால் உருளையைத் திருப்புவது வெறும் உராய்வுதான். அடுத்த கருவியை இழுக்கச் சொன்னால் உருண்டை நழுவும், விடை பொய்யாகும். யோசனை அரை நூற்றாண்டு அப்படியே கிடந்தது.

அதை மீட்டது ஒரு கயிறு. சுழலும் உருளையில் கயிற்றைச் சுற்றி ஒரு முனையை லேசாக இழுத்தால் மறுமுனை பெரும் பாரத்தை இழுக்கும். துறைமுகத்தில் கப்பலை இழுக்கும் அதே உபாயம். நீமன் என்ற பொறியாளர் இதை முறுக்குவிசைப் பெருக்கியாக்கினார். அதைப் பயன்படுத்தி எம்.ஐ.டி.யில் வானெவர் புஷ் 1931இல் ஆறு தொகையீட்டிகள் கொண்ட இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார். எனக்கென்னவோ 1934இல் மான்செஸ்டரில் ஹார்ட்ரீயும் அவர் மாணவர் போர்ட்டரும் மெக்கானோ பொம்மைத் துண்டுகளால் கட்டியதுதான் பிடிக்கும். செலவு சுமார் 20 பவுண்டு, பிழை சுமார் 2 சதவீதம். அதிலேயே அணு அமைப்புக் கணக்குகளைப் போட்டார்கள்.

உன் பலகையில் உருண்டையின் வேலையை மின்தேக்கி செய்கிறது. நழுவலின் இடத்தில் டிரிஃப்ட் இருக்கிறது. உள்ளீட்டைத் தரையோடு இணைத்துவிட்டு வெளியீட்டைப் பார். சும்மா இருக்காமல் மெல்ல ஊர்ந்துகொண்டே போகும். அந்த ஊர்வை அளந்து எழுதிவைத்த பிறகே சமன்பாட்டைத் தொடு.

அடுத்தது ஸ்கேலிங். வால்வு காலத்து இயந்திரங்களில் ±100 வோல்ட்டுக்குள் உலகத்தை அடக்கினார்கள். உனக்கு ±10 வோல்ட்தான் இருக்கும். எந்த மாறியும் அதைத் தாண்டக் கூடாது. மில்லிவோல்ட்டில் சுருண்டு இரைச்சலில் தொலையவும் கூடாது. ஒவ்வொரு மாறியின் உச்ச அளவையும் முதலில் பேப்பரில் மதிப்பிடு. அலுப்பான வேலை. இதைச் செய்யாதவனுக்கு அனலாக் வராது.

மின்தேக்கி வாங்கும்போது பாலிப்ரொப்பிலீனாகப் பார்த்து வாங்கு. காசு மிச்சம் என்று பீங்கானைப் போட்டுவிடாதே.

அன்புடன்,
அண்ணன்