உடம்புக்கும் மராமத்து உண்டு: தொக்கணம் பழகுவோம்

களைக்கொல்லியை விட்டுவிட்டோம். சரி, அந்த வேலையை இப்போ யார் பார்க்கிறது? நம்ம கையும் இடுப்பும்தான். பதினாறு லிட்டர் தெளிப்பானில் பஞ்சகவ்யம் நிரப்பி முதுகில் ஏற்றினால் பதினாறு கிலோவுக்கு மேல் சுமை. பம்புசெட்டுக்கு மராமத்துச் செலவு எழுதுகிறோம். முப்பது வருடம் நான் பார்த்த பயிர்க்கடன் மதிப்பீடுகளில் விதை, எரு, கூலி எல்லாம் இருக்கும். உழவன் முதுகுக்கு மட்டும் ஒரு கலம் கிடையாது.

சித்த மருத்துவத்தில் புறமருத்துவம் 32 வகை. அதில் ஒன்று தொக்கணம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என ஒன்பது முறைகள் சொல்வார்கள். இதில் தட்டல், பிடித்தல், அழுத்தல் மூன்றையும் வீட்டிலேயே பழகலாம். மற்றவை பயின்ற கைக்கு உரியவை.

வலி ஏன் வருகிறது?

பழகாத வேலையை அதிகமாகச் செய்தால் தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படும். அன்றைக்குத் தெரியாது; ஒன்று முதல் மூன்று நாளுக்குள் வலி உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்தில் தணியும். பிடித்துவிட்டால் வலி கொஞ்சம் குறையும், அசைவு இலகுவாகும். அவ்வளவுதான். எலும்புத் தேய்மானத்தையோ நரம்பு அழுத்தத்தையோ அது சரிசெய்யாது.

செய்யும் முறை

நல்லெண்ணெய் போதும், வெதுவெதுப்பாக. கை வழுக்கிப் போகத்தான் எண்ணெய். அழுத்தம்தான் வேலை செய்கிறது.

1. கெண்டைக்கால்: முழங்காலை மடித்து உட்காருங்கள். கணுக்காலிலிருந்து மேல்நோக்கிப் பத்து முறை நீவுங்கள். இறுகிய இடத்தில் கட்டைவிரலால் முப்பது நொடி அழுத்திப் பிடித்து, மெல்ல விடுங்கள். பல்லைக் கடிக்கிற அளவுக்கு வலித்தால் அழுத்தம் அதிகம்.

2. முன்கை: அரிவாளும் மண்வெட்டியும் பிடிக்கும் கை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நீவி, பிறகு கையை நீட்டி, மணிக்கட்டை மட்டும் கீழே மடக்கி முப்பது நொடி வையுங்கள்.

3. இடுப்பு: தண்டுவடத்தின் மேல் அழுத்தவே கூடாது. இரண்டு விரற்கடை தள்ளி, இருபுறமும் உள்ள சதையில் உள்ளங்கையால் அழுத்தச் சொல்லுங்கள். பேரப்பிள்ளையை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வது வேண்டாம்.

4. தோள்: சதையைப் பிசைந்துவிடலாம். கழுத்தைச் 'சடக்'கென்று திருப்பி நெட்டி எடுப்பது வேண்டவே வேண்டாம். கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரை போக வாய்ப்புண்டு.

ஒரு இடத்துக்கு ஐந்து நிமிடம் போதும். முடித்ததும் கொஞ்ச தூரம் நடங்கள்.

எப்போது கைவைக்கக் கூடாது?

இந்தப் பகுதியைக் கட்டாயம் படியுங்கள்.

சேற்று வயலில் இறங்குகிறவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் கடுமையாக வலித்து, கண்ணும் சிவந்தால், அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் வழியே வருவது. தொடக்கத்திலேயே மருந்து கொடுத்தால் குணமாகும். முற்றினால் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்கும், உயிரும் போகும். நாலு நாள் எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், "வயலில் இறங்கி வேலை பார்க்கிறேன்" என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். அழுத்தினால் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கும்.

விழுந்து அடிபட்டால் முதல் இரண்டு நாள் தேய்க்க வேண்டாம். எலும்பு முறிவு இல்லையென்று உறுதி செய்யுங்கள்.

முதுகுவலியோடு கால் மரத்துப் போனாலும், சிறுநீர் கட்டுப்படாவிட்டாலும் உடனே பெரிய மருத்துவமனைதான்.

சர்க்கரை நோயால் பாதம் உணர்விழந்தவர்களுக்குச் சூடான எண்ணெய் கூடாது, சுட்டாலும் தெரியாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

வலி நாள்பட்டு நின்றால் அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவை அணுகலாம். தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருக்கிறது.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். தினமும் வலித்து, தினமும் தேய்க்க வேண்டியிருந்தால் குறை வேலை முறையில் இருக்கிறது. மண்வெட்டிப் பிடியை நீளமாக்குங்கள், தெளிப்பானைப் பாதி நிரப்புங்கள், குனிந்து செய்யும் வேலையை இடைவிட்டுச் செய்யுங்கள். மண்ணை வளமாக்கப் பல வருடம் பொறுமையாக இருக்கிறோம். அந்த வளத்தை அனுபவிக்க முதுகும் நிமிர்ந்து நிற்கணும் இல்லையா?