ஒரே கையால் சீட்டுக் கட்டை வெட்டுவோமா?

மாணவர்களே, சீட்டுக் கட்டை ஒரே கையால் இரண்டாக வெட்டி இடம் மாற்றும் வித்தைக்குச் ‘சார்லியர் வெட்டு’ என்று பெயர்.

1. கட்டின் நீளப் பக்கங்களை ஒருபுறம் கட்டைவிரலாலும் மறுபுறம் நடுவிரல், மோதிர விரலாலும் பிடியுங்கள். உள்ளங்கைக்கு மேலே இடைவெளி இருக்கட்டும்.

2. கட்டைவிரலைச் சற்றுத் தளர்த்துங்கள். கீழ்ப்பாதி உள்ளங்கையில் விழும்.

3. அதை ஆள்காட்டி விரலால் கட்டைவிரல் பக்கமாக நிமிர்த்துங்கள். மேல்பாதி நழுவி அடியில் சேரும்.

முதல் நாள் சீட்டுகள் சிதறும். ‘எனக்கு வராது’ என்று விட்டுவிடாதீர்கள்! தவறும்போதெல்லாம் சிறுமூளை பிழையைக் கண்டு அடுத்த அசைவைத் திருத்துகிறது. பழகியது தூக்கத்தில் மேலும் உறுதிப்படுகிறது.

ஆகவே ஒரே நாளில் ஒரு மணி நேரம் முயல்வதைவிட, ஆறு நாள்களுக்குப் பத்துப் பத்து நிமிடம் பழகுவதே மேல். தேர்வுப் பாடத்திற்கும் இப்படிப் பிரித்துப் படிப்பதே கைகொடுக்கும்.