நோய்ப் பரீஷகமும் மாற்றுச் சிறுநீரகமும்

இருபத்திரண்டு பரீஷகங்களுள் நோயும் ஒன்று. அதனைப் பொறுத்தல் வேறு. மருந்தைத் துறத்தல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியதால் நேர்ந்த துன்பத்தைச் சென்ற தசலட்சண பருவத்தில் கண்டோம். சிவகாசி அச்சகம் ஒன்றில் பணிபுரியும் நம் உறவினர், அன்னையார் ஈந்த சிறுநீரகத்தோடு நான்காண்டுகளாக வாழ்பவர். இரவில் யாதும் உட்கொள்ளலாகாது என எண்ணி, ஒன்பது மணி மாத்திரையை ஆறு நாள்கள் விட்டுவிட்டார். குருதியில் கிரியாட்டினின் ஏறிற்று. மதுரைக்குக் கொண்டு சென்றனர், உறுப்பு தப்பியது.

பிறர் உறுப்பை உடல் அயலானதாகவே கருதி எதிர்க்கும். 1954-இல் பாஸ்டன் நகரில் முதல் மாற்றுச் சிகிச்சை வென்றது, கொடுத்தவரும் பெற்றவரும் ஒத்த இரட்டையர் ஆதலின். ஏனையோர்க்கு டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகளே அரண். அவற்றைப் பன்னிரண்டு மணிக்கொருமுறை, உறுப்பு இயங்கும் காலமெல்லாம் உண்ண வேண்டும்.

மருத்துவர் இசைவுடன் காலை ஆறு, மாலை ஆறு என மாற்றலாமே என்பர். ஆனித் திங்களில் அது பொருந்தும். மார்கழியில் நம் பக்கத்துப் பகலே பன்னிரண்டு மணிக்குக் குறைவு. காலை வேளை உதயத்திற்கு முன் விழும். இரண்டு நாழிகை விலக்கும் மரபைச் சேர்த்தால் எம்மாதத்திலும் கணக்கு ஒவ்வாது. தொடக்கநிலைச் சிராவகர்க்கு இரவில் நீரும் மருந்தும் விலக்களிக்கும் வழக்கம் இருப்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை.

நீரருந்தா உபவாசம், அதுவும் சிவகாசி வெயிலில், இத்தகையோர்க்கு ஆகாது. ஆயின் தவம் பட்டினி மட்டுமன்று. இரச பரித்தியாகத்தில் நீக்கும் ஆறனுள் உப்பும் நெய்யும் உள. அவற்றைக் குறைத்தலை மருத்துவரும் விரும்புவர். வடிகட்டிக் காய்ச்சிய நீரோ நம் பாட்டிமார் கண்ட வழக்கம்.

“எந்தப் பாவம் செய்தேனோ?” என்று அவர் ஓயாது வருந்தினார். அசாதா வேதனீயத்தின் உதயம் என்பது உண்மையே. எனினும் வேதனையையே நினைந்து உழல்வது ஆர்த்தத் தியானத்தின் ஒரு வகை. அது புதுவினையைக் கட்டும். கழுகுமலைப் பாறையில் கமடன் கல்லெடுத்து எறியவும் பார்சுவநாதர் அசையாது நிற்கும் சிற்பத்தை அவரோடு சென்று கண்டோம். நெடுநேரம் நின்றார். உடல் வேறு, உயிர் வேறு என்னும் அன்யத்துவ அனுப்பிரேட்சை தமக்கு எளிதாம். தம் உடலிலேயே ஒரு பகுதி பிறருடையது என்றார்!

இப்பொழுது காலை மாத்திரைக்குப்பின் சாமாயிகத்தில் அமர்கிறார். மாலை மாத்திரையைப் பஞ்ச நமஸ்காரம் ஓதி உண்கிறார்.

ஒற்றைச் சிறுநீரகத்தோடு வாழும் அன்னையார்க்கும் ஆண்டுதோறும் பரிசோதனை வேண்டும். மூன்றாண்டுகளாகச் செய்யவில்லையாம். வரும் வாரம் அழைத்துச் செல்கிறோம்.