தகுதியும் தொடர்பும்

குடத்துள் இட்ட விளக்கும் குன்றின்மேல் இட்ட விளக்கும் ஒளியில் ஒன்றே. ஆயினும், முன்னதன் ஒளி குடத்தின் அளவிலேயே அடங்கிவிடுகின்றது. பின்னதன் ஒளி நெடுந்தொலைவில் செல்வோர்க்கும் வழி காட்டுகின்றது. மக்களின் திறமையும் இத்தகையதே. திறமை வளர்வது ஒருவனது உழைப்பால். அது பிறர்க்குப் புலனாவதோ, அத்துறையில் வல்லாரோடு அவன் கொள்ளும் தொடர்பால். இவ்வுண்மையைக் கணித மேதை சீனிவாச இராமானுஜனின் வாழ்க்கை நன்கு விளக்கும்.

இராமானுஜன் 1887-ஆம் ஆண்டு ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தார். பள்ளியில் பயின்றபோதே அவர் உள்ளம் கணிதத்தில் முழுதும் தோய்ந்தது. பிற பாடங்களில் கருத்துச் செல்லாமையால், கும்பகோணம் அரசினர் கல்லூரியில் பெற்றிருந்த உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும், தேர்வில் வெற்றி பெற்றிலர். பட்டமும் இல்லை, பணியும் இல்லை. தாம் கண்ட கணித முடிபுகளைக் குறிப்பேடுகளில் எழுதி வந்தார். அவற்றின் அருமையை உணர்ந்து வழிகாட்டுவார் அந்நாளில் அவருக்கு வாய்த்திலர். 1909-இல் திருமணம் நிகழவே, ஊதியம் தேடவேண்டிய நிலை ஏற்பட்டது.

1910-ஆம் ஆண்டில் அவர் திருக்கோவிலூருக்குச் சென்று, அங்குத் துணைக் கலெக்டராக இருந்த வி. இராமசாமி ஐயரைக் கண்டார். ஐயர் அலுவலால் வருவாய்த் துறையினர். ஆர்வத்தால் கணித அறிஞர். ஆங்காங்கே தனித்திருந்த கணித அன்பர்கள் ஒன்றுகூடி, அயல்நாட்டு நூல்களையும் இதழ்களையும் பெற்றுப் பயன்கொள்ளும் பொருட்டு, 1907-இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர் அவரே. இராமானுஜன் அவரிடம் வேண்டியது தாலுகா அலுவலகத்தில் ஓர் எழுத்தர் வேலை. வேண்டியதோடு நில்லாமல், தம் குறிப்பேட்டையும் அவர்முன் வைத்தார்.

ஐயர் அவ்வேலையைத் தந்திருப்பின், இளைஞரின் வறுமை அன்றே ஓரளவு தணிந்திருக்கும். ஆனால், இத்துணை அறிவைக் கடைநிலை எழுத்துப் பணியில் முடக்குதல் தகாது என்று அவர் கருதினார். ஆதலின் வேலைக்கு மாறாக அறிமுகக் கடிதம் தந்து, சென்னையிலிருந்த கணித அன்பர்களிடம் அவரை அனுப்பினார். அவர்களுள் ஒருவராகிய பேராசிரியர் பி. வி. சேஷு ஐயர், நெல்லூர்க் கலெக்டராயிருந்த இராமச்சந்திர ராவுக்கு மடல் கொடுத்தார். ராவ் முதலில் ஐயுற்றார். பலமுறை உரையாடியபின் ஐயம் நீங்கி, திங்கள்தோறும் 25 ரூபாய் உதவி வந்தார். 1911-இல் இராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை கணிதக் கழகத்தின் இதழிலேயே வெளிவந்தது.

பிறர் பொருளில் நெடுநாள் வாழ இராமானுஜன் உள்ளம் ஒப்பவில்லை. 1912 மார்ச்சுத் திங்களில், சென்னைத் துறைமுக அலுவலகத்தில் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். அங்குத் தலைமைக் கணக்கராயிருந்த நாராயண ஐயரும் கணிதம் வல்லவர். கணிதக் கழகத்தைச் சார்ந்தவர். முடிவை மட்டும் எழுதிச் செல்லும் இராமானுஜனை, பிறர்க்கு விளங்குமாறு இடைப்படிகளையும் எழுதத் தூண்டியவர் அவர். நல்லார் தொடர்பு வழி காட்டுவதோடு அமையாது, குறையையும் திருத்தும் என்பது இதனாற் பெறப்படும்.

இங்கிலாந்து நாட்டுக் கேம்பிரிட்ஜ் அறிஞர் இருவர்க்கு இராமானுஜன் எழுதிய மடல்கள் பயன் தரவில்லை. அவர் தளர்ந்திலர். 1913 சனவரி 16-ஆம் நாள், ஹார்டி என்னும் மற்றொரு கேம்பிரிட்ஜ் அறிஞர்க்கு, தாம் கண்ட முடிபுகள் பலவற்றைக் குறித்து அனுப்பினார். ஹார்டி அவற்றின் பெருமையை உணர்ந்தார். அவ்வாண்டிலேயே, வானிலை ஆய்வுத் துறைத் தலைவரும் கணித வல்லுநருமான கில்பர்ட் வாக்கரின் பரிந்துரையால், சென்னைப் பல்கலைக்கழகம் திங்களுக்கு 75 ரூபாய் உதவித்தொகை அளித்தது. 1914 மார்ச்சு 17-ஆம் நாள் இராமானுஜன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். 1918-இல் இலண்டன் இராயல் சங்கத்தின் உறுப்பினர் என்னும் உயர்வை எய்தினார். திருக்கோவிலூரில் வேலை வேண்டி நின்று எட்டாண்டுகளே கழிந்திருந்தன.

இவ்வரலாற்றில் கருதத்தக்கன சில உள. இராமானுஜன் எவரிடமும் வெறுங்கையோடு சென்றிலர். உழைப்பின் பயனாகிய குறிப்பேடு அவர் கையில் இருந்தது. தகுதியில்லாதவனுக்குப் பதவி தேடித் தருவது சிபாரிசு. அது தகுதியுடைய மற்றொருவனின் இடத்தைப் பறிப்பது. தகுதியுடையவனை அறிவுடையோர் முன் நிறுத்துவது அறிமுகம். அதனால் எவர்க்கும் இழப்பில்லை. இவ்விரண்டின் வேறுபாட்டை இளைஞர் நன்குணர்தல் வேண்டும். மேலும், அவர்க்கு உதவியோர் அனைவரும் தம் அறிவின் எல்லையை உணர்ந்து, தம்மினும் மிக்கார் இருக்குமிடத்தைக் காட்டினர். அவர்களுள் பலரை ஒன்றாகப் பிணைத்திருந்தது ஒரு கழகமே. ஒரு தொழிலைச் சார்ந்தோர் கூடி அமைக்கும் சங்கங்களின் பயன் இதனால் விளங்கும்.

பெற்ற உதவியைப் பிறர்க்கும் அளித்தல் உயர்ந்தோர் இயல்பு. 1919-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், பல்கலைக்கழகம் தமக்கென வழங்க முன்வந்த தொகையில், பெற்றோர்க்கும் தமக்கும் வேண்டிய செலவு போக எஞ்சியதை, ஏழை மாணவரும் பெற்றோரை இழந்த சிறுவரும் கல்வி கற்கப் பயன்படுத்துமாறு இராமானுஜன் இங்கிலாந்திலிருந்து எழுதினார். மறு ஆண்டிலேயே அவர் வாழ்வு முடிவுற்றது.

மாணவர்கள் தாம் விரும்பும் துறையில் அயராது உழைத்தல் வேண்டும். உழைப்பின் பயனை அத்துறை வல்லார்க்குக் காட்டக் கூசுதல் கூடாது. தாம் உயர்ந்தபின், தம்மை நாடி வரும் இளைஞரின் குறிப்பேட்டைப் பொறுமையோடு திறந்து பார்த்தலும் வேண்டும்.