குழிக்குள் கிடந்த குண்டு எந்த நாட்டுடையது?

கேள்வி: வேலி அடைக்கக் குழி வெட்டும்போது துருப்பிடித்த கைக்குண்டு ஒன்று தெரிந்தது. எந்தப் படையினது என்று கண்டுபிடிக்கலாமா?
- வாசகர், வந்தாறுமூலை

பதில்: கண்டுபிடிக்கலாம், நீங்கள் அல்ல! முதலில் பொலிஸுக்கு, 119க்கு எடுங்கள். மண்ணைக் கிளறாதீர்கள், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

மேற்புறம் அன்னாசிப்பழம்போல் கட்டங்கட்டமாக வெட்டியிருந்தால், 1915இல் பிரிட்டன் அறிமுகப்படுத்திய மில்ஸ் வகையாக இருக்கலாம். அதன் 36ஆம் இலக்க வடிவத்தை இந்திய இராணுவம் அண்மைக்காலம்வரை வைத்திருந்தது. 1987 முதல் 1990 வரை இந்தியப் படை உங்கள் மட்டக்களப்பிலும் நின்றது. ஆனால் தோற்றத்தை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. ஒரே குண்டு பல கை மாறும். பறித்த ஆயுதத்தால் சண்டை பிடித்த ஊர் இது.

உண்மையான சாட்சி உடலில் பொறித்த எழுத்தும் தொகுதி இலக்கமும்தான். உதாரணத்துக்கு, 1993 பம்பாய்க் குண்டுவெடிப்பு விசாரணையில் சிக்கிய ஆர்ஜஸ் வகைக் கைக்குண்டுகள் ஆஸ்திரிய வடிவமைப்பு. அதே வகையை உரிமம் பெற்றுப் பாகிஸ்தானும் தயாரித்தது. அதனால் வகையின் பெயர் மட்டும் போதவில்லை, தயாரித்த இடத்தைத் தேட வேண்டியிருந்தது.

அந்த எழுத்தை வாசிக்கத் துருவைச் சுரண்டுவதுதான் பெரிய மடத்தனம். பாதுகாப்பு ஊசி அரித்துப்போயிருந்தால் நெம்பு எகிறும்; சில விநாடிகளில் வெடிக்கும். துரு ஏறினால் மருந்து செத்துவிடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது பொய்.

தூரத்தில் நின்று ஓர் அடையாளம் வைத்துவிட்டு, பொலிஸ் வரும்வரை காவல் இருங்கள்.