இடம் முதலில், எழுத்து பிறகு

அன்புள்ள தம்பி,

வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். வலது மணிக்கட்டுக்கு மேலே 'அம்மா' என்று தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் பச்சை குத்திக்கொள்ளப் போகிறாய், அதுதான் உன் முதல் டாட்டூ, கடையும் நாளும் குறித்தாயிற்று, எழுத்து சரியா என்று மட்டும் ஐயா பார்த்துச் சொன்னால் போதும் என்று கேட்டிருக்கிறாய். எழுத்து ஒரு பக்கம், அது உட்காரும் இடம் இன்னொரு பக்கம், இரண்டையும் தனித்தனியே முடிவு செய்துகொள்ளலாம் என்கிற நினைப்பு உன் தலைமுறைக்கு மட்டும் உரியதல்ல. கல்வெட்டு வகுப்பில் பாறையையே பார்க்காமல் அதிலிருந்து ஒற்றியெடுத்த மைப்படியை மட்டும் வைத்துக்கொண்டு வாதாடியவர்களும் இதே ரகம்தான். அந்த எரிச்சலில் கடிதம் கொஞ்சம் நீண்டுவிடும். பொறுத்துக்கொள்.

குத்தலாமா கூடாதா என்ற வழக்குக்கு நான் வரவில்லை. அது உன் தோல், உன் அம்மா.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். எழுத்து தவறு. படத்தில் இருக்கும் 'ம' அசோகர் கட்டளைகளில் வரும் 'ம': கீழே ஒரு வட்டம், மேலே இரண்டு கொம்பு. நம் குகைக் கல்வெட்டுகளில் வரும் 'ம' அப்படி இராது. கிண்ணம் போல மேலே திறந்து, நடுவே குறுக்குக்கோடு ஒன்று ஓடும். பிராமி எழுத்துக்கு யூனிகோடில் 2010இல் இடம் கிடைத்தது. அதன் பிறகு வந்த எழுத்துருக்களில் சில அசோகர் வடிவத்தை வைத்தே செய்யப்பட்டவை. நீ படம் செய்த செயலி அவற்றுள் ஒன்றை எடுத்துக்கொண்டு 'தமிழி' என்று பெயர் ஒட்டிக் கொடுத்திருக்கிறது. நீ கையில் ஏற்றிக்கொள்ள இருந்தது பிராகிருதம் எழுதப் பயன்பட்ட எழுத்தை. (தமிழி என்பதா, தமிழ்ப் பிராமி என்பதா என்ற சண்டைக்குள் இப்போது போகவில்லை. போனால் உன் அம்மாவை மறந்துவிடுவோம்.)

'ம'வை மாற்றிவிட்டால் சரியாகிவிடுமா? அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஐராவதம் மகாதேவன் 2003இல் வெளியிட்ட பெரிய நூலில் இந்த எழுத்துமுறையை மூன்று நிலையாகப் பிரித்திருப்பதை வகுப்பில் படித்திருக்கிறாய். மாங்குளம் குகைக் கல்வெட்டுகள் போன்ற தொடக்க நிலையில் குறியில்லாத 'ம' என்பது 'ம்'. பக்கத்தில் சிறு கோடு போட்டால் அது 'ம' ஆகவும் இருக்கலாம், 'மா' ஆகவும் இருக்கலாம். ஆக, அந்த முறையில் குத்தினால் 'அம்ம' என்றும் படிக்கலாம், 'அம்மா' என்றும் படிக்கலாம். இரண்டாம் நிலையில் கோடு நெடிலுக்கு மட்டும் உரியதாகிறது. ஆனால் குறியில்லாத எழுத்து 'ம்' ஆ, 'ம' வா என்று தெரியாது. மூன்றாம் நிலையில் புள்ளி வந்து குழப்பத்தைத் தீர்க்கிறது. எந்த நூற்றாண்டில் உன் அம்மாவை அழைக்கிறாய் என்று நீ முடிவு செய்தாக வேண்டும். செயலி அதை முடிவு செய்யாது. புள்ளி வைத்த மூன்றாம் நிலையை எடுத்துக்கொள் என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. சொல்ல மாட்டேன். காரணம் தோல்.

எழுதப்படும் பரப்புதான் எழுத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்று வகுப்பில் நான் ஓயாமல் சொன்னது நினைவிருக்கும். பின்வரிசையில் இருந்தவர்கள் சிரித்ததும் நினைவிருக்கிறது. பாறையில் உளி வைப்பவனுக்கு நேர்கோடு எளிது. தமிழ்ப் பிராமி பெரும்பாலும் நிமிர்ந்த கோடுகளால் ஆனது. ஓலைக்கு வந்ததும் எல்லாம் உருண்டது, வட்டெழுத்தைப் பார். ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும், அதனால் ஏடெழுதியவர்கள் புள்ளியையே விட்டுவிட்டார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது, காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு தெரியாது. உ.வே.சா. ஏடுகளோடு மாரடித்ததில் பாதிக்கு மேல் இந்தப் பரப்பு செய்த வேலை என்பது என் கட்சி. பிறகு காகிதமும் அச்சும் வந்தன; புள்ளி திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. பாறை, ஓலை, காகிதம் என்ற வரிசையில் தோலையும் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை. நீ வசமாக மாட்டிக்கொண்டாய்.

தோல் என்ன பரப்பு? மேல்தோல் சில வாரங்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகிவிடும். அதனால் ஊசி அதையும் கடந்து, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும் உள்தோலில் மையை விடுகிறது. அங்கே பெருவிழுங்கி அணுக்கள் மைத்துகள்களை அந்நியப் பொருள் என்று எண்ணி விழுங்கிவிடுகின்றன. செரிக்க முடியாமல் வைத்துக்கொண்டிருக்கின்றன. அவை சாகும்போது மை வெளியே வருகிறது, அடுத்து வரும் அணுக்கள் அதே இடத்தில் அதை மறுபடி விழுங்குகின்றன. பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் எலிகளிடம் இதைக் கண்டு 2018இல் வெளியிட்டார்கள். பச்சை நிலைப்பது இந்தக் கைமாற்றத்தால்தான். ஆண்டுகள் போகப்போகத் துகள் இம்மியளவு நகர்கிறது. கோடு தடிக்கிறது, ஓரம் மங்குகிறது. கல்வெட்டு தேய்ந்து மெலியும், பச்சை பரந்து தடிக்கும். தோலில் எழுத்துக்குப் பகை தேய்மானம் அல்ல, நெருக்கம்.

இப்போது உன் படத்தைப் பார். மூன்று எழுத்தும் சேர்ந்து ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கிவிடும். கிண்ண 'ம'வின் குறுக்குக்கோடும் விளிம்பும் பதினைந்து ஆண்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். புள்ளி வைத்தாயோ, அது பக்கத்துக் கோட்டில் போய்ச் சேர்ந்துவிடும். ஓலை கைவிட்ட புள்ளியைத் தோலும் கைவிடும். இன்றைய தமிழில் எழுதினாலும் இதே கதைதான்: 'அ'வின் சுழியும் 'ண', 'ஞ', 'ழ' போன்றவற்றின் சுழிகளும் சிறிதாகப் போட்டால் கறுப்பு உருண்டைகளாகிவிடும். எழுத்தைச் சின்னதாக, மெல்லியதாகப் போடுவதுதான் நாகரிகம் என்று உங்கள் காலத்தில் ஒரு வழக்கம் கிளம்பியிருக்கிறதே, அதைப் போட்ட அன்று எடுத்த புகைப்படத்தில் பார்க்கக் கூடாது. ஒரு மாமாங்கம் கழித்துப் பார்க்க வேண்டும்.

நம் பாட்டிமார் கையில் இருந்த கோலப் பச்சையை நினைத்துப் பார். புள்ளிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விட்டுச் சுற்றி வளைந்து போகும் ஒரே கோடு. அதைக் குத்தியவர்கள் பெரும்பாலும் ஊர் ஊராகச் சென்ற குறவர் பெண்கள். தென்னிந்தியச் சாதிகளைப் பற்றித் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளில் அவர்கள் வருகிறார்கள். ஜான் லேயார்ட் என்ற மானிடவியலாளர் 1937இல், தென்னிந்திய வாசல் கோலத்தையும் பச்சைக் கோலத்தையும் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். மலேகுலா தீவில் அவர் கண்ட மணல் வரைவுகளோடு நம் கோலங்களை ஒப்பிட்டு, எல்லாம் புதிர்ப்பாதைச் சடங்கு என்று நிறுவப் பார்க்கிறார். படிக்கச் சுவையான கட்டுரை. எனக்கு நம்பிக்கை இல்லை. கடல் கடந்து தீவுக்குப் போகாமல் அந்த ஊசியையே பார்த்திருந்தால் அவருக்கு வேறு விடை கிடைத்திருக்கும். கைஊசியும் கரியும் தோலில் பரவும், பரவினாலும் கெடாத உருவம் எது? இடைவெளியே அழகாக உள்ள உருவம். கோலம் அப்படிப்பட்டது. எண்பது வயதுப் பாட்டியின் கையில் கோடு தடித்து நீலம் பாய்ந்த பிறகும் அது கோலமாகவே தெரிந்தது. இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று குறிப்புகள் வைத்திருக்கிறேன்; இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

ஆக, இடத்தை முதலில் பிடி. அது எத்தனை விரற்கடை தருகிறது என்று அள. பிறகு அந்த அளவில் எந்த எழுத்து பிழைக்கும் என்று பார். ஓர் எழுத்து ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறையக் கூடாது என்பேன்; எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடம் கோட்டின் தடிப்பைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும். இது கல்வெட்டுக்காரனின் கணக்கு. கடைக்காரர் இன்னும் பெரிதாகக் கேட்டால் அவர் சொல்வதைக் கேள்.

மணிக்கட்டு வேண்டாம். மடிப்பு விழும் இடம், வெயில் படும் இடம், நாள் முழுக்க உரசும் இடம். விரலும் உள்ளங்கையும் அதைவிட மோசம். அங்கே மை தங்காது. விலா எலும்பின் மேல் வலி அதிகம். முதல் முறைக்கு மேற்கையின் வெளிப்புறமோ முன்கையின் உட்புறமோ உத்தமம். முன்கையில் ஒன்றைக் கவனி. உள்ளங்கையை மேலே திருப்பி நேராகக் கோடு போட்டுவிட்டுக் கையைக் கவிழ்த்துப் பார், கோடு முறுக்கிக்கொள்ளும். மணிக்கட்டை நெருங்க நெருங்க முறுக்கு கூடும். எனவே ஸ்டென்சிலைக் கை இயல்பாகத் தொங்கும் நிலையில் வைத்துப் பார்க்கச் சொல். எழுத்து யாரைப் பார்த்து நிற்க வேண்டும் என்பதும் உண்டு. எதிரில் இருப்பவர் படிக்க என்றால் கை தொங்கும்போது நிமிர்ந்திருக்க வேண்டும். நீ படிக்க என்றால் தலைகீழ். தொழில் செய்பவர்கள் முதலாவதையே சொல்வார்கள். கல்வெட்டும் வருகிறவனைப் பார்த்துத்தான் நிற்கிறது.

மத்திய ஆயுதக் காவல் படைத் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று போன பொங்கலுக்குச் சொன்னாயே, அதை டாட்டூ கடையில் சொன்னாயா? அந்தப் படைகளின் மருத்துவ விதியில் முன்கையின் உட்புறத்தில் பச்சைக்கு இடம் உண்டு, ஆனால் இடக்கையில்தான். வலக்கை சல்யூட் அடிக்கும் கை. புறங்கைக்கும் அனுமதி உண்டு. அளவு அந்த உறுப்பில் கால் பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும். ராணுவத்திலும் முழங்கையின் உட்புறத்திலிருந்து மணிக்கட்டு வரை முன்கையின் உட்பக்கம், புறங்கை, இவ்வளவுதான். பழங்குடியினருக்கு அவர்கள் வழக்கப்படி விலக்கு. நீ வலக்கையைக் காட்டிக்கொண்டு நிற்கிறாய்! விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையை முழுதாகப் படித்துவிட்டுப் பிறகு ஊசிக்குப் போ.

காலில் அய்யனார் போடலாமா என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தாய். வேண்டாம். 2015இல் பெங்களூரில் ஓர் ஆஸ்திரேலியர் காலில் எல்லம்மா தேவியைப் போட்டிருந்ததற்காக ஒரு கூட்டம் அவரை மறித்து மிரட்டியது. 2014இல் இலங்கைக்குப் போன ஒரு பிரித்தானியப் பெண்ணைக் கையில் புத்தர் இருந்ததற்காகக் கைது செய்து நாடு கடத்தினார்கள். அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2017இல் அவருக்கு இழப்பீடு வழங்கியது. நியாயம் பச்சை குத்திக்கொண்ட அந்த இருவர் பக்கம்தான். இருந்தாலும் சாமி எந்த இடத்தில் இருக்கிறது என்பதை ஊர் பார்க்கும். இடுப்புக்குக் கீழே சாமி வேண்டாம் என்று உன் வீட்டிலேயே சொல்வார்கள்.

நிறம் பற்றிச் சுருக்கமாக. எழுபதுகளில் எம்.ஜி.ஆர். தம் கட்சிக்காரர்களைக் கட்சிக் கொடியைப் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னார். அப்படிக் குத்திக்கொண்ட பெரியவர்களைத் தேநீர்க் கடைகளில் பார்த்திருக்கிறேன். கொடியின் கறுப்பு நிற்கிறது, மற்றது அடையாளம் தெரியவில்லை. மை மேல்தோலுக்கு அடியில் இருக்கிறது; நம் தோலின் கருமை அதன் மேல் கண்ணாடித்தாள் போல விரிந்திருக்கிறது. வெளிர்மஞ்சளும் வெள்ளையும் அதற்குள் எடுபடாது. கறுப்பே போடு. பின்னாளில் லேசரில் அழிக்க நேர்ந்தாலும் கறுப்புதான் எளிதில் போகும், பச்சையும் மஞ்சளும் அடம்பிடிக்கும்.

வீட்டில் யாருக்காவது காயம் ஆறிய இடத்தில் தழும்பு தடித்து எழும்பும் வழக்கம் இருந்தால், மார்பையும் தோளையும் தவிர்த்துவிடு; தோல் மருத்துவரை ஒருமுறை பார். ஊசி உன் கண் முன்னே உறையிலிருந்து வெளிவர வேண்டும். திருவிழாக் கடைகளில் ஒரே ஊசி எத்தனை கையில் ஏறியது என்று யாருக்கும் தெரியாது. மஞ்சள் காமாலைக் கிருமிக்குத் தெரியும்.

என் யோசனை வேண்டுமென்றால், தமிழியையே விட்டுவிடு. உன் அம்மா ரேஷன் அட்டையிலோ பள்ளிக்கூடப் பாரத்திலோ போட்ட கையெழுத்து ஒன்று வீட்டில் இருக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் பள்ளிக்குப் போனவர் என்றால் அதில் பழைய கொம்பு வைத்த 'லை'யோ சுழித்த 'ணா'வோ கிடைத்தாலும் கிடைக்கும். செயலி உருவாக்க முடியாத வடிவம் அது. கையெழுத்து ஒரே இழுப்பில் ஓடுவதால் இடைவெளியும் தானாக அமைந்திருக்கும். அதை உண்மை அளவில் காகிதத்தில் எழுதி, இடது முன்கையில் பேனாவால் பெயர்த்து, ஒரு மாதம் அழிய அழிய மறுபடி எழுதிக்கொண்டு நட. மாதக் கடைசியிலும் பிடித்திருந்தால் குத்திக்கொள்.

கடைக்காரரிடம் குறித்த நாளைத் தள்ளிப் போடு. முன்பணம் போனால் போகட்டும். அம்மாவின் கையெழுத்தை நகலெடுத்துத் தபாலில் அனுப்பு. எந்தச் சுழியைத் திறந்து விட வேண்டும் என்று சிவப்பு மையில் குறித்துத் தருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய ஆசிரியர்