மாத்திரை சாப்பிடும் நான் தாயாகலாமா?

கேள்வி: எனக்கு 29 வயது. கல்லூரி நாட்களிலேயே இருமுனைக் கோளாறு என்று சிகிச்சை தொடங்கினார்கள். சோடியம் வால்ப்ரோயேட் சாப்பிடுகிறேன். மூன்று வருடமாகத் தொந்தரவில்லை, வேலைக்கும் போகிறேன். குழந்தை பெற்றுக்கொள்ள ஆசை. "மாத்திரையை நிறுத்திடு, எல்லாம் சரியாப் போகும்" என்கிறார் அம்மா. "இவளைப் பார்த்துக்கவே ஆள் வேணும், இதுல பிள்ளை வேறயா?" என்கிறார் மாமியார். என்ன செய்வது டாக்டர்?
- வாசகி, ஈரோடு

பதில்: தாராளமாகத் தாயாகலாம், அம்மா. ஆள் வேண்டும் என்கிறார் மாமியார். எந்தப் பிரசவத்துக்குத்தான் ஆள் வேண்டாம்? பெற்றுக்கொள்வதா வேண்டாமா என்பதை நீங்களும் கணவரும்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சட்டென்று விட்டால் நோய் திரும்பிவிடும் அபாயம் அதிகம். அதேசமயம் வால்ப்ரோயேட் கர்ப்பத்துக்கு ஆகவே ஆகாது. கர்ப்பத்தில் அதைச் சாப்பிட்டவர்களின் குழந்தைகளில் 100-க்குச் சுமார் 10 பேருக்குப் பிறவிக் குறை வருகிறது. 30 முதல் 40 பேருக்குப் பேச்சும் கற்றலும் பின்தங்குகின்றன. முதுகுத்தண்டு உருவாவது கருத்தரித்த முதல் நான்கு வாரத்துக்குள். நாள் தள்ளிப்போன பிறகு மருந்தை மாற்றினால் காலம் கடந்திருக்கும். எனவே இப்போதே மருத்துவரிடம் சொல்லி வேறு மருந்துக்கு மாறுங்கள். அது ஒத்துக்கொண்டு சில மாதம் நிலையாக இருக்கும்வரை கருத்தடை அவசியம்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை, பிரசவமான முதல் சில வாரங்கள். இந்த நோய் திரும்பும் வாய்ப்பு மிக அதிகமான காலம் அது. தூக்கம் கெடுவது அதைத் தூண்டிவிடும். உங்கள் அம்மா உதவ நினைத்தால் அங்கேதான் உதவ வேண்டும்: இரவு நீங்கள் மாத்திரை போட்டுப் படுத்ததும் குழந்தையைத் தன் அறைக்குத் தூக்கிப்போய், பாலாடையில் பால் புகட்டி, விடியும்வரை உங்களை எழுப்பாமல் இருக்கட்டும். "பெத்தவ தூங்குறா, பாட்டி முழிச்சிருக்கா" என்று யாராவது பேசினால் பேசட்டும். தாய்ப்பால் கொடுக்கலாமா என்பது நீங்கள் சாப்பிடப்போகும் மருந்தைப் பொறுத்தது. அதையும் முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

இரவெல்லாம் தூங்காமல் இருந்தும் நீங்கள் களைப்பே தெரியாமல் படபடவென்று பேசிக்கொண்டிருந்தால், கணவர் அன்றைக்கே உங்களை மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும். அட்மிட் ஆனால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்களோ என்று பயந்து பலர் மறைக்கிறார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சிகிச்சையிலிருக்கும் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயையும் சேயையும் ஒன்றாகவே வைத்துப் பார்க்கும் வார்டு இருக்கிறது.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது கணவரோடு அம்மா, மாமியார் இருவரையும் கூட்டிப்போங்கள். அதற்குள் சந்தேகம் வந்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.